ஆஸ்பத்திரியில் இருக்கிறான்

1

போன வாரம் என் மகளின் பாலர் பள்ளி ஆசிரியை எனக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "சீக்கிரம் குணமாகி வீடு திரும்ப வேண்டிக்கொள்கிறோம். யாழினியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று மலாயில் எழுதி, பக்கத்தில் கையேந்தும் படம் வேறு போட்டிருந்தார். அதைப் படித்தபோது நான் கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டாவது பொட்டலம் நாசி கெராபுச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. கொஞ்சம் இளைத்தால் தேவலாம் என்று மனைவி சொல்வாள், அவ்வளவுதான்.

விசாரித்தால் விஷயம் இது. பெற்றோர் கூட்டத்துக்கு மனைவி தேவி மட்டும் போயிருக்கிறாள். ஆசிரியை யாழினியிடம் அப்பா எங்கே என்று கேட்க, அது அச்சு அசல் கிளந்தான் மலாயில், "ஆயோ டொக் ஸ்பித்தா" என்று சொல்லிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பொய் ஒன்றும் இல்லை. நான் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். அங்கேதான் எனக்கு வேலை. நான் தாதி, ஆண் தாதி. ஆனால் கேட்கிறவர் காதில் அப்படியா விழும்?

"உங்க குடும்பத்துக்கே இது பரம்பரை வியாதி," என்றாள் தேவி. அவள் கிளந்தானிலேயே குவாலா கிராய் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுக் கதை அவளுக்கு மனப்பாடம்.

அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதக் காரணம் நம் ஆட்கள்தான். நான் பிறந்த நெகிரி செம்பிலானில், பெடாஸிலும் ராசாவிலும் பாரோயிலும் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன வருஷம் ராசாவில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடமே, "கிளந்தான்ல ஒரு பையன் ஐசியுல கெடந்தான், சாமி கும்பிட்டு எழுப்பிட்டாங்க, தெரியுமா தம்பி?" என்றார். அந்தப் பையன் நான்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இனி நானே சொல்லிவிடுவது நல்லது.

2

தெரியாதவர்களுக்காக முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் பேர் குணசேகரன், வீட்டில் குணா. பெடாஸுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா முத்தையா, ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டினார், எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகு குலை அறுத்தார். அம்மா எனக்கு ஒன்பது வயதில் சீக்கில் படுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். ராசாவில் வீரையா மாமா இருக்கிறார், அம்மாவின் தம்பி, லோரி ஓட்டுகிறவர். பள்ளி விடுமுறை வந்தால் அவரும் அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துச் சோறு போடுவார்கள். மாமாவுக்கு என் மேல் உயிர். எதையும் முழுசாகக் கேட்கிற பொறுமை மட்டும் அவருக்குக் கிடையாது.

எனக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்ததும் அப்பாவின் முகம் போன போக்கை மறக்க முடியாது. அவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே ஆண் என்றால் டிரசர். மருந்து கொடுப்பவர், காய்ச்சல் நிஜமா பொய்யா என்று முடிவு கட்டி லீவு எழுதுகிறவர், கணக்கெழுதும் கிராணிக்கு அடுத்த பெரிய ஆள். பெண் என்றால் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒருத்தர் இருப்பார். பெட்பேன் எடுப்பார், படுக்கை கழுவுவார். அவரைத் தோட்டி என்பார்கள். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும், ஆனால் அப்பா காலத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீக்கடையில் அவருக்குக் குவளைகூடத் தனியாம்.

"டிரசரா போறியா, போ. மிஸ்ஸி வேலையா? மூணு வருசம் படிச்சிட்டு பீ அள்ளப் போறியா?" என்று கேட்டார் அப்பா.

போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம், டிப்ளோமா படிக்கிறேன் என்று சொன்னால் போதும். நம் பக்கத்தில் அது ஒரு வசதி. டிப்ளோமா என்று சொல்லிவிட்டால் என்ன டிப்ளோமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வீரையா மாமாவே கடைசி வரை நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனாலும் அப்பா விஷயத்தில் விட்டுவிட்டேன். தனி ஆளாக என்னை வளர்த்தவர்.

வேலை கிளந்தானில் என்று வந்தது. சிரம்பான் பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட அப்பா மட்டும் வந்தார். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, "யாரும் கேட்டா கவர்மெண்டு வேலைன்னு சொல்லு, அதுக்கு மேல எதுக்கு," என்றார். பஸ் கிளம்பும் வரை கீழேயே நின்றார். நான் கையசைத்தேன். அவர் கையசைக்கிற வழக்கம் இல்லாதவர்.

3

வேலை உத்தரவில் முதல் வரியே "புவான் குணசேகரன்" என்று இருந்தது. புவான் என்றால் திருமதி. தாதி என்றாலே பெண்தான் என்று கணினிக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. கோத்தா பாருவில் போய்ப் பதிவு செய்கிற கவுண்டரில் நின்றேன். அந்த அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, புவான் எங்கே என்று கேட்டார். மனைவிக்கு வரிசை பிடிக்க வந்தவன் என்று நினைத்து என்னை உட்காரச் சொன்னார். நானும் மரியாதையாக உட்கார்ந்தேன். வரிசை முழுக்க முடிந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் வெளிச்சம் ஆனது.

அதோடு முடிந்ததா? தாதியர் விடுதி பெண்களுக்கு மட்டும். ஆகவே எனக்கு இடம் இல்லை. ஸ்டோரில் இருந்த சீருடை எல்லாம் பெண்களுடையது. ஆகவே எனக்கு உடுப்பும் இல்லை. "போட்டுப் பாக்கறியா?" என்று ஸ்டோர்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கிளந்தான்காரர்களுக்குக் கிண்டல் ரத்தத்தில் ஓடுகிறது. காலேஜில் போட்ட வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். ஆற்றோரத்துக் கிராமத்தில், இங்கே கம்பம் என்பார்கள், ஒரு மலாய்க்காரர் வீட்டில் அறை எடுத்தேன். வெள்ளம் வந்தால் மேலே ஏறிக்கொள் என்று வாடகை பேசும்போதே சொல்லிவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டையால் இன்னொரு தொல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு ஒரு தமிழன் நின்றால் அவன் டாக்டர்தான். நோயாளி, நோயாளியின் மனைவி, பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரும் "டொக்டர், டொக்டர்" என்றார்கள். டாக்டர் இல்லை, மிஸ்ஸி என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவேன். மலாயிலும் மிஸ்ஸிதான் அந்த வார்த்தை. சிரிப்பார்கள், மறுபடி டொக்டர் என்பார்கள். நானும் விடமாட்டேன், மறுபடி திருத்துவேன். டாக்டர் வேலை எனக்குத் தெரியாது. என் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். காலேஜில் கைவேலை சுத்தமான பையன் என்று பேர் வாங்கினவன் நான்.

பேச்சுதான் தகராறு. நமக்கு மலாய் தெரியும் என்கிற திமிரோடு போனவன் நான். அதுவும் ரெம்பாவ் பக்கத்து மலாய்க்காரப் பையன்களோடு பந்து விளையாடிப் பிடித்த மலாய். கிளந்தான் மலாய் வேறு ஜாதி. என் வார்டில் ஒரு கிழவர் இருந்தார், எல்லாரும் பா சூ என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் கடைசிச் சித்தப்பா என்கிற மாதிரி. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு கிடந்தார். நல்ல கனமான உடம்பு, அதைவிட நல்ல வாய். ஒரு நாள் என்னைக் காட்டிப் பக்கத்துக் கட்டில்காரரிடம், "மிஸ்ஸி நி தொக் ரெத்தி கெச்செக்" என்றார். நம் பக்கத்தில் கெச்செக் என்றால் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுவது. இந்த மிஸ்ஸிக்கு ஏமாற்றத் தெரியாது என்கிறார் மனுஷன், வந்த மாதமே நல்ல பேர் வாங்கிவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு சிஸ்டரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கிளந்தானில் கெச்செக் என்றால் பேசுவது. இந்த மிஸ்ஸிக்குப் பேசவே தெரியாது என்று சொல்லியிருக்கிறார் பா சூ.

அன்றைக்கே முடிவு செய்தேன், இவர்கள் பேச்சை இவர்களைவிட நன்றாகப் பேசிக் காட்டுவது என்று. இப்போது பேசுகிறேன். சந்தையில் மீன்காரி என்னை முதலில் மேலும் கீழும் பார்ப்பாள், நான் வாயைத் திறந்ததும் விலையைக் குறைப்பாள்.

4

நான் பேசக் கற்றுக்கொண்டேன். என் மகளோ பேசிக்கொண்டே பிறந்தாள். அதுதான் வித்தியாசம்.

யாழினிக்கு ஆறு வயது. தமிழ் வரும், ஆனால் கிளந்தான் காற்றடித்துத்தான் வரும். இனிப்பு அதிகமாக இருந்தால் இங்கே "மானிஹ் லெத்திங்" என்பார்கள், தித்திப்போ தித்திப்பு என்று அர்த்தம். போன பொங்கலுக்கு அப்பாவோடு போனில் பேசும்போது, "தாத்தா, பொங்கல் லெத்திங்" என்று சொல்லியிருக்கிறது. அப்பா காதில் 'திங்' மட்டும்தான் விழுந்திருக்கிறது. "தின்னும்மா, நல்லா வயிறு ரொம்பத் தின்னு," என்றார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. நடுவில் புகுந்து மொழிபெயர்க்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லை. அடுத்த வருஷம் அவள் மலாயில் சொல்லிக்கொடுக்கும் தேசியப் பள்ளிக்குத்தான் போகப் போகிறாள். சாயந்தரம் தேவி சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். ழ வருகிறது, ண வருகிறது, கோபம் வந்தால் மட்டும் மலாய்க்குத் தாவிவிடுகிறாள். இதை நினைத்தால் எனக்குச் சங்கடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. உறவுக்காரர்கள் போன் போடும்போதெல்லாம் எப்போது மாற்றல் வாங்கிக்கொண்டு வருவாய் என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு வருஷம் எழுதிப் போட்டேன், கிடைக்கவில்லை. பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டேன். இங்கே எனக்கு ஒரு பேர் இருக்கிறது, வார்டில் என் வேலைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பிள்ளைக்குத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

5

நான் கிளந்தானுக்குப் போய் ஒரு மாதம் ஆன சமயம். பெடாஸ் கடைத்தெருவில் அப்பா வழக்கமாக டீ குடிக்கும் பாய் கடை இருக்கிறது. பாய் சும்மா பேச்சுக்கு, "பையன் எங்க முத்தையா, ஆளையே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. நர்ஸ் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "கோத்தா பாருல. ஆஸ்பத்திரில இருக்கான்," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒருத்தர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் பாய் என்ன நினைப்பார்? மறுநாள் மத்தியானம் வீரையா மாமா தம்பின் ரோட்டில் லோரி ஓட்டிக்கொண்டு வந்தவர், அதே கடையில் சாப்பிட நிறுத்தினார். பாய் பரிவோடு, "ஒங்க மருமவனுக்கு இப்ப எப்புடி இருக்கு?" என்றார். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எனக்கு இரண்டு தரம் போன் அடித்தார். நான் வேலையில் இருந்தேன், போன் லாக்கரில் கிடந்தது. எடுக்கவில்லை என்றதும் அவருக்கு முடிவே ஆகிவிட்டது. அப்பாவுக்கு அடித்தார். அந்தப் பேச்சை மாமா இன்றைக்கும் ஒவ்வொரு விருந்திலும் இரண்டு குரலில் நடித்துக் காட்டுவார்.

"மச்சான், குணா ஆஸ்பத்திரிலயாமே?"

"ஆமா. யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன மச்சான், எத்தன நாளா?"

"போன மாசத்துலேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா."

"சொல்லிக்கிற மாதிரியா இருக்கு, வீரா?"

இந்த இடத்தில் மாமா, "எப்ப விடுவாங்களாம்?" என்று கேட்டிருக்கிறார்.

"அது அவங்க கையில. ரெண்டு மூணு வருசம் ஆகும்னு சொல்றான்."

அப்பா சொன்னது மாற்றல் கிடைப்பதை. மாமா நினைத்தது முதுகெலும்பை. மோட்டாரில் விழுந்து முதுகு போய்விட்டது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். நாளைக்குக் காலையில் போய்ப் பார்க்கலாம் மச்சான், நீங்களும் வாங்க என்றார். அப்பாவுக்கும் என்னைப் பார்க்க ஆசை இருந்திருக்கிறது, வாய் திறந்து கேட்டிருக்க மாட்டார். சரி என்றுவிட்டார்.

ராத்திரி அத்தை தோட்டத்து முனியாண்டி கோயிலில் விளக்கேற்றி, பிள்ளை எழுந்து நடந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். மொட்டை என் தலைக்கு. விடிவதற்கு முன்னால் மாமாவின் பழைய காரில் மூன்று பேரும் கிளம்பினார்கள். ஆரஞ்சு ஒரு பை, மைலோ டின் இரண்டு, விபூதிப் பொட்டலம்.

அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். மாமாவும் அத்தையும் துக்கத்தில் பேசவில்லை. அவர்கள் பேசாததைப் பார்த்து, பையன் இந்த வேலைக்குப் போய்விட்டானே என்று இவர்களுக்கும் அவமானமாக இருக்கிறது என்று அப்பா நினைத்துக்கொண்டார். அவர் தலையைக் குனிந்துகொள்ள, அதைப் பார்த்து இவர்களுக்குத் துக்கம் கூடிப்போனது. பின் சீட்டிலிருந்து அத்தை, "கவலப்படாதீங்கண்ணே, இந்தக் காலத்துல இதெல்லாம் சரி பண்ணிடலாம்," என்றாராம். அப்பா, "இனிமே என்னத்த சரி பண்ணுறது, மூணு வருசம் படிச்சே முடிச்சிட்டான்," என்றாராம். புத்தி கலங்கி ஏதோ பேசுகிறார் என்று அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராத்திரி வேலை முடிய நேரமாகிவிட்டதால் காலையில்தான் நான் மாமாவுக்குத் திருப்பி அடித்தேன். கார் அப்போது குவா மூசாங் காட்டுக்குள் இருந்தது. லைன் இல்லை.

6

சாயந்தரம் பார்வையாளர் நேரம். எங்கள் வார்டில் கூட்டம் நெரிகிறது. கிளந்தானில் ஒரு நோயாளி என்றால் பார்க்கக் கிராமமே வரும், பாயும் சோறும் கொண்டு வரும். அந்த நேரம் பார்த்துப் பா சூவுக்கு வயிறு கலக்கிவிட்டது. திரையை இழுத்துவிட்டு, அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஜோடி சேர வேண்டியவர் மருந்தறைக்குப் போயிருந்தார்.

கீழே கவுண்டரில் மாமா என் பேரைச் சொன்னதும், என்னைத் தெரிந்த ஒரு பெண் எந்த வார்டு என்று கையைக் காட்டிவிட்டாள். மேலே வந்து சிஸ்டரிடம் குணா எங்கே என்று கேட்டிருக்கிறார். அவர் கடைசிக் கட்டிலைக் காட்டியிருக்கிறார். சுற்றிலும் திரை போட்ட கட்டில். அதைப் பார்த்ததும் அத்தை அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

திரை சரக்கென்று விலகியது. மாமா நிற்கிறார். என் இடது கை பா சூவின் இடுப்பைத் தாங்கியிருக்கிறது, வலது கையில் துடைத்த துணி, கீழே தண்ணீர் பேசின். "குணா," என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். லோரி பிடிக்கிற கை, எலும்பு நொறுங்குகிற மாதிரி. அத்தை ஓடி வந்து என் நெற்றியில் ஒரு கை விபூதியை அப்பினார். பா சூ முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தபடியே, "சாப்போ மாத்தி?" என்று கேட்டார். யார் செத்தது?

"எங்கடா அடி? முதுகுலயா?" என்றார் மாமா.

"அடியா? எனக்கு ஒன்னும் இல்ல மாமா. வேலை பாத்துக்கிட்டு இருக்கேன்லா."

மாமா என்னை விட்டு விலகி என் கையைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார். பிறகு திரும்பினார். கட்டில் காலடியில் அப்பா ஆரஞ்சுப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், ஆஸ்பத்திரில இருக்கான்னு சொன்னீங்க?"

"இருக்கான்ல," என்றார் அப்பா.

"நான் மொட்டைக்கு வேண்டிக்கிட்டேனேண்ணே," என்றார் அத்தை.

பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் மாமா சிரிக்கவில்லை. என்னிடம் கேட்காமல் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்த வேலைக்கா மச்சான் இத்தன வருசம் படிச்சான்?"

அப்பாவின் தலை குனிந்தது. எனக்கு அந்த நிமிஷம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அந்தத் தலை குனியாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. என் வேலையைப் பற்றி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என்னால் அவர் வெட்கப்படுகிறாரே என்பதுதான் தாங்கவில்லை. எனக்குத் துக்கம் வந்தால் உடனே கோபமாக மாறிவிடும்.

"மாமா, எல்லாரும் வெளிய நில்லுங்க. இவருக்கு இன்னும் முடியல. ஈரத்தோட விட்டா புண்ணு வந்துரும்," என்று சொல்லிவிட்டு, அப்பா முகத்தைப் பார்க்காமலே திரையை இழுத்து மூடினேன்.

பா சூவை மறுபக்கம் சாய்க்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. யாரைக் கூப்பிடலாம் என்று நினைக்கும்போது திரை ஓரம் அசைந்தது. அப்பா உள்ளே வந்தார். பையைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மடித்தார்.

"எந்தப் பக்கம் புடிக்கணும்?"

தோளும் இடுப்பும் என்றேன். பிடித்தார். செம்பனைக் குலை தூக்கின கை, பா சூ ஒரு முனகல் இல்லாமல் திரும்பிப் படுத்தார். நான் துடைத்தேன், காய வைத்தேன், விரிப்பை மாற்றினேன். அப்பா மூக்கைச் சுளிக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. நான் செய்வதை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தெனமும் இதானா?"

"இதுவும்தான்பா. ஊசி போடுறேன், கட்டு கட்டுறேன், மருந்து குடுக்குறேன். இதுவும் செய்றேன்."

"ஒங்கம்மாவுக்குக் கடசில நான்தான் செஞ்சேன்," என்றார். "வேற ஆரு வருவா? துணியெல்லாம் பைப்புல கொண்டு போயி அலசுவேன். லயத்து வீட்டுக்காரங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போவாங்க. ஒருத்தன் எனக்கு அந்தத் தோட்டி பேர வெச்சான். அது ஒனக்கும் வந்துரக் கூடாதேன்னுதான்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அம்மா படுத்திருந்த அறை வாசலில் என்னை நிற்க விடாமல் விளையாடப் போ என்று விரட்டினது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அந்தத் துண்ட எடுங்கப்பா," என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

திரையை விலக்கினேன். மாமாவும் அத்தையும் அங்கேயேதான் நின்றார்கள். திரைத் துணிக்கு எவ்வளவு தடிப்பு இருக்கும், எல்லாம் கேட்டிருக்கிறது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த அக்காவுக்கு நடந்த விஷயம், அதுவரை அவருக்கே தெரியாது.

அடுத்த கட்டிலில் மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு கிழவி, பல நாளாக என்னைக் கவனித்துக்கொண்டிருப்பவர், அப்பாவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். இந்த டொக்டர் யார் பிள்ளை, உங்கள் பிள்ளையா என்று கேட்டார்.

மாமா சட்டென்று அப்பாவின் காதோரம் வந்தார். "ஆமான்னு சொல்லுங்க மச்சான். நம்ம ஊர்ல யாருக்குத் தெரியப்போவுது."

அப்பா மலாயில் சொன்னார். "டொக்டர் புக்கான். மிஸ்ஸி. அனாக் டென்."

டாக்டர் இல்லை, மிஸ்ஸி, என் மகன். ஆனால் டென் என்பது எங்கள் நெகிரி செம்பிலான் பக்கத்து மலாய், 'நான்' என்று அர்த்தம். கிளந்தான் கிழவிக்கு அது விளங்கவில்லை. காதைக் குவித்துக்கொண்டு, "அனொக் சாப்போ?" என்று திரும்பக் கேட்டார். யாருடைய மகன்?

கேட்காமல் போய்விட்டது என்று நினைத்தார் அப்பா. தோட்டத்து மேற்பார்வையாள் மண்டோருக்குக் குரல் கொடுக்கிற மாதிரி வாயைத் திறந்து, உள்ளங்கையால் தன் நெஞ்சில் தட்டி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"மிஸ்ஸி. அனாக் டென். டென்."

வார்டு முழுக்கக் கேட்டது.